நாலு மூலையையும் அமுக்கிப் பார்த்த பெரியம்மா

மூன்று மாதமாகத் துண்டுத் துணிகளை ரசித்து ரசித்து இணைத்துத் தைத்த போர்வை இன்று முடிந்தது. தங்கைக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்கு.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் பெரியம்மாவிடம் காட்டினேன். அவர் தையலைப் பார்க்கவேயில்லை. நாலு மூலையையும் விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“பஞ்சு சரியில்லையா, பெரியம்மா?”

“அது இல்லலா. அந்தக் காலத்து மலாயா அவசர காலத்துல எஸ்டேட் கேட்ல பட்டாளத்துக்காரனுங்க இப்படித்தான் அமுக்குவானுங்க, காட்டுல ஒளிஞ்சிருந்த கம்யூனிஸ்ட்டுங்களுக்கு அரிசி கடத்துறோமான்னு. ஒருநாள் அம்மா தச்ச போர்வையக் கிழிச்சே பாத்துட்டானுங்க. பறந்த பஞ்சையெல்லாம் நான்தான் ஓடி ஓடிப் பொறுக்குனேன். அம்மா அன்னிக்கே திரும்பத் தச்சுட்டாங்க.”

சொல்லிவிட்டுப் போர்வையை மடியில் விரித்துக்கொண்டார். தடவிக்கொண்டே இருந்தார்.

நான் வெறும் கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். ஒரே மாதத்தில் போர்வை தைத்து முடித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?