எனக்கு மிஞ்சிய மூன்று ஸ்வரங்கள்

என் தொண்டையில் இப்போது மூன்று ஸ்வரங்கள்தான் இருக்கின்றன. ப, நி, மேல் ச. கீழே இறங்கினால் வெறும் காற்று; மேலே ஏறினால் கீச்சென்று ஒரு சத்தம். அரியலூரைச் சுற்றியுள்ள கோயில் திருவிழாக்களில் எங்கள் மெல்லிசைக் குழுவின் பெண் குரல் நான்தான். மீன்சுருட்டியில் ஒருமுறை மைக் செத்துப்போனபோது, மைக் இல்லாமலேயே ஒரு சரணத்தை முழுசாகப் பாடிக் கடைசி வரிசைவரை கேட்க வைத்தவள். பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் பீற்றிக்கொள்ள வேறென்ன இருக்கிறது எனக்கு?

கழுத்தில் கட்டி வந்தது. திருச்சியில் ஆபரேஷன். கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, குரலுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாரையாவது குறை சொல்ல முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அதிமதுரம், சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு. போங்கடா நீங்களும் உங்கள் பனங்கற்கண்டும் என்று கத்த வேண்டும்போல இருக்கும். கத்தத்தான் முடியாதே. ஒருநாள் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தது. நிறுத்தச் சொல்லக் குரல் வரவில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளி இறக்கிவிட்ட கண்டக்டர், "வாயத் தொறந்து சொல்ல மாட்டியாம்மா?" என்றார். ரோட்டோரமாக நடந்தே திரும்பி வந்தேன். வழியெல்லாம் அந்த ஆளை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

என் வீட்டுக்காரர் அதே குழுவில் கீபோர்டு வாசிப்பவர். பகலில் சிமெண்ட் லாரிகளுக்கு எடை போடும் வேலை. நான் வீட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பேன். பெரம்பலூர் வெங்காயம், ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் தேவைக்கு மேலேயே உரித்தேன். எங்கள் வீட்டில் அப்போது தினமும் வெங்காயச் சாம்பார்தான்.

அப்படி உரித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இந்தா, இங்க வந்து பாரேன்" என்று கீபோர்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவர் கூப்பிட்டார்.

"கை நாறுது."

"நாறட்டும், வா. மூணு கட்டையச் சேத்து அமுக்குனா ஒரு கோர்டு. இது டி மைனர். இப்ப எஃப் மேஜருக்குப் போறேன். எந்த வெரலு நவுருது பாரு."

கட்டைவிரல் மட்டும் நகர்ந்தது.

"இப்ப ஏ மைனர்."

நடுவிரல் மட்டும் இறங்கியது. சுண்டுவிரல் வைத்த இடத்திலேயே இருந்தது.

"அந்தச் சுண்டுவெரல் அமுக்குறதுதான் ஒன்னோட ப. மூணு கோர்டுக்கும் அது பொது. நீ அதுலயே நில்லு. கீழ நான் மாத்திக்கிட்டே போறேன்."

நின்றேன். டி மைனரில் என் ப அழுகிற மாதிரி இருந்தது. அவர் கட்டைவிரலை நகர்த்தியதும் அதே ப, யாரோ வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் ஒன்றுமே செய்யவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறேன், ஆனால் பாட்டு போகிறது! அப்புறம் மேல் ச-வில் நிற்கச் சொன்னார். அடியில் ஜி மேஜர் அமுக்கினார். கரகரப்பிரியாவின் சாயல் வந்தது. நடுவிரலை ஒரே ஒரு கட்டை இறக்கி ஜி மைனர் ஆக்கினார், நடபைரவியாக மாறிவிட்டது. என்னிடம் தைவதம், அதாவது த, கிடையாது. இரண்டு ராகத்துக்கும் உள்ள வித்தியாசமே அந்தத் தைவதம்தான். அது அவர் விரலில் இருந்தது.

"ஒங்கிட்ட இல்லாததையெல்லாம் நான் வாசிச்சிடுறேன். தப்பே வராது ஒனக்கு. ஒன் ஸ்வரம் எப்பவும் என் கோர்டுக்குள்ளயே இருக்கும்ல?" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வெங்காயக் கையோடு அவர் தலையைக் கலைத்துவிட்டேன்.

அந்த மூன்று ஸ்வரங்களை வைத்து அம்மன் மேல் ஒரு பாட்டு கட்டினார். ஒரு கோர்டிலிருந்து அடுத்த கோர்டுக்கு எது பொதுவோ அதைப் பிடித்துக்கொண்டு நான் போக வேண்டும். ப, அதிலிருந்து நி, அதிலிருந்து ச. வார்த்தை அதிகமானால் எனக்குக் குரல் உடையும். அதனால் இரண்டாவது சரணம் முழுக்க வார்த்தையில்லாமல் வெறும் ஆகாரம். என் குரலுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று, கீபோர்டில் பெண்கள் சேர்ந்து ஆ என்று இழுக்கிற சத்தத்தை வைத்துக்கொண்டார்.

குழுவை நடத்துகிறவர் வந்து பாட்டைக் கேட்டார். என்னைவிடச் சின்னவர். என் இடத்துக்குப் பெரம்பலூரிலிருந்து ஒரு காலேஜ் பெண்ணை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்.

"நல்லாருக்குக்கா. திருமானூர்ல மொதப் பாட்டா இத நீங்க பாடுங்க. ஒழுங்கா வந்துட்டா, இனிமே எல்லாக் கச்சேரிக்கும் மொதப் பாட்டு ஒங்களுக்குத்தான். இல்லன்னா... தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

ஒரு பாட்டு. விடிய விடியப் பாடியவளுக்கு ஒரே ஒரு பாட்டு. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு சரி என்றேன். மைக் முன்னால் நிற்கிற நான்தான் நான். மற்றதெல்லாம் சோறு பொங்குகிற ஆள். அந்த ஒரு பாட்டும் போய்விட்டால் எனக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

திருமானூரில் பொழுது சாயும் நேரத்தில் மேடை ஏறினோம். கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். பல்லவி வந்தது. முதல் சரணமும் வந்தது, கொஞ்சம் கரகரப்பு, ஆனால் வந்தது. தாயே, விட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டே இரண்டாவது சரணத்துக்கு வாயைத் திறந்தேன்.

காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றேன். காற்றுதான். பாட்டு நின்றுவிடும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். பாட்டு நிற்கவில்லை. ஸ்பீக்கர் பாக்ஸில் ப கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் நி. அப்புறம் ச, கரகரப்பிரியாவில் ஒருமுறை, நடபைரவியில் ஒருமுறை. முன்வரிசையில் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்த பெண் என்னையே பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிச் சிரித்த முகமாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் வாயை மட்டும் அசைத்தேன். கடைசிவரை அசைத்தேன். கைதட்டினார்கள்.

அந்தப் பெரம்பலூர்ப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "எனக்குப் புல்லரிச்சிடுச்சுக்கா" என்றாள். நல்ல பெண். குழுவை நடத்துகிறவர் தபலாவுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. மேடைக்குப் பின்னால் போய், பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த டீயைக் குடித்தேன்.

மறுநாள் காலையில் அவர் டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் பனியனோடு கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். அதே ஆ சத்தம். எனக்கு இரண்டாவது பாட்டு கட்டுகிறாராம்.

"நேத்து ஒரு எடத்துலகூட வுடல நீ. பயந்துக்கிட்டே இருந்தேன், தெரியுமா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் சொன்னேன் என்றால், என் ஆத்திரம் அப்படி. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் தெரியாது.

"ரெண்டாவது சரணம் நான் பாடலைங்க."

அவர் கை அப்படியே நின்றது. "எந்த எடத்துல வுட்ட?"

"எந்த எடத்துலயும் பாடலை. வாய மட்டும் அசச்சேன்."

"வெளையாடாத. எனக்குக் கேட்டுச்சு. ப-வுல நின்ன. ஒன்ன எனக்குத் தெரியாதா? எவ்ளோ நல்லா நின்ன."

"அது நான் இல்லைங்க. ஒங்க சுண்டுவெரலு."

அவர் விரலைப் பார்த்தார். அது இன்னும் அந்தக் கட்டையின் மேல்தான் இருந்தது. வீடு முழுக்க ப கேட்டுக்கொண்டிருந்தது.

"எடுங்க" என்றேன். அதற்கும் காற்றுதான் வந்தது.

அவர் விரலை எடுக்கவில்லை.