ரைஸ் மில்லில் ஒற்றைக் கை உடற்பயிற்சி

போன வியாழக்கிழமை நான் ஓர் உடற்பயிற்சியைத் திறந்து வைத்தேன்.

சிரிக்காதீர்கள். கடை திறப்பார்கள், கட்டடம் திறப்பார்கள்... உடற்பயிற்சியை எப்படித் திறப்பது? எங்கள் தஞ்சைப் பக்கத்தில் முடியும். குத்துவிளக்கு, சந்தனம், கல்கண்டு, ஃப்ளெக்ஸ் பேனர் — இவை இருந்தால் எதை வேண்டுமானாலும் திறக்கலாம்.

நீடாமங்கலம் பக்கம் ரைஸ் மில் வைத்திருக்கும் ரவி அண்ணன் என் பெரியப்பா மகன். எங்கேயோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவர், தொழிலாளர்களுக்குத் தசை வலி, மூட்டு வலி வராமலிருக்க தினமும் காலையில் பத்து நிமிடம் பயிற்சி என்று அறிவித்துவிட்டார். நல்ல விஷயம்தானே? எனக்கும் சந்தோஷம்தான். பேனரில் மட்டும் அவர் தனியாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பயிற்சி செய்யப்போகிறவர்களுக்கு அதில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

பேக்கிங் பிரிவுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. முன்பு ஒரே கோஷ்டியாக வயலில் நடவு நட்டவர்கள். நடவுக்கு மெஷின் வந்த பிறகு மில்லுக்கு வந்தவர்கள். திருவாரூரிலிருந்து வந்திருந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி பயபக்தியோடு ஆரம்பித்தார்.

"மெதுவா குனிங்கம்மா. முட்டியைத் தொட்டாப் போதும்."

மொத்த வரிசையும் ஒரே மூச்சில் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தது.

"நாத்துக் கட்டு எங்க தம்பி?" என்று குனிந்தபடியே கேட்டார் சந்திரா. கோஷ்டிக்கு அவர்தான் தலைவி. சீஃப் கெஸ்ட்டான நான் முழங்கால் வரை போய், அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றேன்.

இந்த இடத்தில் ரவி அண்ணன் மைக்கைப் பிடித்தார். "யாருக்காச்சும் வலி இருந்தா கூச்சப்படாம சொல்லுங்க. செய்ய முடியாதவங்க யாருன்னு சூப்பர்வைசர் பார்த்துக்குவாரு. அவங்களுக்கு ரெஸ்ட் குடுத்துடலாம்!"

யாரும் வாயைத் திறக்கவில்லை. நாளெல்லாம் மூட்டைகளோடு மல்லுக்கட்டுகிற இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடவா வலி இல்லை? செல்போன் பார்த்தே எனக்குக் கழுத்து வலிக்கிறதே!

"இப்போ ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க," என்றார் தம்பி.

சந்திரா இடது கையை மட்டும் தூக்கினார். அடுத்த நொடி மொத்த வரிசையும் இடது கையை மட்டும் தூக்கியது.

"ரெண்டு கையும்மா..."

"சோத்துக் கையைச் சும்மா காத்துல ஆட்டக் கூடாது தம்பி," என்றார் சந்திரா. "அதுவும் அரிசி இருக்கிற எடத்துல. லட்சுமி போயிடுவா."

அவ்வளவுதான். ரவி அண்ணனின் வலது கை சட்டென்று கீழே இறங்கியது. கல்லாப்பெட்டியை எந்த மூலையில் வைப்பது என்று ஊரிலுள்ள ஜோசியர் ஒருவர் விடாமல் கேட்டவர் அவர். "ஆமாமா, எங்க தாத்தா காலத்துலேர்ந்தே இது உண்டு. இடது கை போதும் தம்பி," என்றார். அவர் தாத்தா எனக்கும் தாத்தாதான். நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் நானும் வலது கையை இறக்கிவிட்டேன். எதற்கு வம்பு? அப்படியே போட்டோவும் எடுத்தார்கள்.

டீயும் வடையும் வந்தபோது அந்தப் பெண்களோடு போய் உட்கார்ந்தேன். "நிஜமாவே லட்சுமி போயிடுவாளா?" என்று சந்திராவைக் கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த பெண்ணைக் கண்ணால் காட்டினார். மாரியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு வாய் தைப்பவர். இடது கையால் வடையைத் தின்றுகொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

"அவளுக்கு வலது தோள் எழும்பலீங்க. இன்னிக்கு அவ மட்டும் கையைத் தூக்காம நின்னா ரெஸ்ட் குடுத்துடுவாங்க. போன வருஷம் ஒருத்திக்குக் குடுத்தாங்க. இன்னும் திரும்பக் கூப்பிடல."

"பெரிய பொண்ணு நர்சிங் படிக்கிறாங்க," என்றார் மாரியம்மாள். "இந்த வேலையை நம்பித்தான்..."

நடவில் ஒருத்தி பின்தங்கினால், இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அவள் பங்கையும் சேர்த்து நட்டுவிடுவார்கள். வரப்பில் நிற்கிறவருக்கு வரிசை நேராகத்தான் தெரியும். அதைத்தான் இங்கேயும் செய்திருக்கிறார்கள். வலி வராமலிருக்க ஒரு பயிற்சி கொண்டுவந்தோம்; இவர்களோ வலியை ஒளித்துவைக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோள் எப்படி இந்தக் கதிக்கு வந்தது? தைக்கும் மெஷின் மேலேயிருந்து கயிற்றில் தொங்குகிறது. முன்பு தைத்தவர் நெட்டையான ஆள். அவர் உயரத்துக்குக் கட்டியது. அவர் திருப்பூர் போய்விட்டார். கயிறு அப்படியே நிற்கிறது. மாரியம்மாள் குள்ளம். ஒவ்வொரு மூட்டைக்கும் எக்கி எக்கி இழுக்க வேண்டும்.

"ரெண்டு சாண் இறக்கினாப் போதுங்க," என்றார் மாரியம்மாள்.

"கேட்க வேண்டியதுதானே?"

"எதுக்குன்னு கேப்பாங்களே. வலிக்குதுன்னு சொல்லணும். சொன்னா ரெஸ்ட்டு."

டீயைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ரவி அண்ணன் போன் செய்தார். பயந்துபோயிருந்தார்.

"ஏம்மா, அந்த போட்டோவை ஸ்டேட்டஸ்ல போட்டேன். ஆளாளுக்கு போன் பண்ணி, மில்லுல ஸ்ட்ரைக்கான்னு கேக்குறாங்க! நீதான் தலைமையாம்!"

எடுத்துப் பார்த்தேன். பின்னால் பேனர், முன்னால் நான், சுற்றிலும் உயர்ந்த கைகள். யாரைக் குற்றம் சொல்வது? எங்கள் பக்கத்தில் கூட்டமாகக் கையைத் தூக்கினால் உடற்பயிற்சி ஞாபகம் யாருக்கு வரும்!

"என்ன கோரிக்கைன்னு வேற கேக்குறாங்கம்மா. நான் என்னத்தச் சொல்ல?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது.

"தைக்கிற மெஷினை ரெண்டு சாண் இறக்கிக் கட்டணுமாம் அண்ணே."

"யாருக்காம்?"

"தைக்கிற எல்லாருக்கும்தான். நீங்களே போய் எட்டிப் பாருங்க. உங்களுக்கே எட்டாது."

"இவ்வளவுதானா!" என்று அவர் விட்ட பெருமூச்சு போனிலேயே காற்றாக அடித்தது. மறுநாள் காலையில் ஃபிட்டர் வந்தார், கயிறு இறங்கியது.

மாரியம்மாளின் தோளுக்கு இனிமேல்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். பிசியோ தம்பியிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறேன். வேலை இருக்கிறது, இனி எக்க வேண்டியதில்லை. காலைப் பயிற்சியும் நடக்கிறது — இடது கைக்கு மட்டும்.

உடம்பு வலி தீர, பயிற்சியைவிடப் பயம் நல்லது... பயப்படுகிறவர் முதலாளியாக இருந்தால்!