சிப்பாயின் பித்தளை வில்லை

நேற்று பழவேற்காடு சந்தையில், பழைய பித்தளைக்காரன் கொட்டிய குவியலில் கப்பல் பொறித்த வில்லை ஒன்று கிடந்தது. ஒல்லாந்தர் கோட்டைச் சிப்பாய்கள் மார்பில் குத்திக்கொள்வது. கையில் எடுத்ததும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அன்று தோணிரேவுக்கு வந்த சிப்பாய்கள் எங்கள் படகைக் கேட்டார்கள். நைனா தரமாட்டேன் என்றார். ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவர் மண்டையில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான். அம்மா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் வில்லை பிய்ந்து அவள் கையோடு வந்தது. மத்தியானம் நைனா செத்துப்போனார்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனாள். தளபதி சிப்பாய்களை வரிசையாக நிறுத்தினான். சட்டை கிழிந்தவனை அம்மா காட்டினாள்.

"இவன்தான் எம் புருசனைக் கொன்னான். இன்னா செய்யப் போறீங்க?"

தளபதி வில்லையை வாங்கித் துடைத்து, அவன் மார்பிலேயே திரும்பக் குத்திவிட்டான்.

"கோட்டை சாமான் வந்து சேந்துச்சுனு சொல்றாரு. கெளம்பு," என்று தமிழில் சொன்னான் பக்கத்தில் நின்ற துபாஷி.

அம்மா கிளம்பவில்லை. மடியிலிருந்த மீன் கத்தியை எடுத்துச் சிப்பாயின் கழுத்தில் இறக்கினாள். ரத்தம் என் முகத்திலும் தெறித்தது.

மறுநாள் அவளைத் தூக்கில் போட்டார்கள். கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்து, "பசியாவரத்துல அத்தைகிட்ட போயிரு. அழாத," என்றாள்.

நான் அழவில்லை. நேற்றுதான், சந்தை நடுவில் உட்கார்ந்து அழுதேன்.