தலைவரின் ரத்த அழுத்தம்

ரோஸ் ஹில் நகரத்து மருத்துவர் என் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கினார். அந்தப் புஸ்புஸ் சத்தத்தில் என் தொப்பையும் வயதும் மறந்துபோய், தீவின் வடக்கே குட்லண்ட்ஸ் பக்கம் இருந்த எங்கள் ஊர் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்பா தக்காளி பயிரிட்டார். நாற்பதைத் தாண்டியும் ஊர் இளைஞர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். இளைஞர்களெல்லாம் தையல் ஆலைக்கும் ஓட்டலுக்கும் வேலைக்குப் போய்விட்டதால் போட்டியே இல்லை. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. இன்னொரு முறை ஏறினால் வீட்டில் கருவாடு கிடையாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கருவாடு இல்லாத சோற்றை அப்பா சோறாகவே மதித்ததில்லை.

அதனால் மன்றத்தின் மருத்துவ முகாமை அவர் தைப்பூசக் காவடிக்கு முந்தின நாளில் வைத்தார். ஊரே விரதமிருந்து பூசணிக்காயும் பருப்பும் தின்றுகொண்டிருந்த நேரம்.

எல்லா ஆண்களையும் மாமா முறை வைத்து ‘தொந்தோன்’ என்றழைக்கும் நர்ஸ், அளந்து பார்த்து அசந்துபோனாள். “பிரமாதம், தொந்தோன்! அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?”

“விரதச் சாப்பாடு” என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

“அப்ப வருஷம் முழுக்க அதையே சாப்பிடுங்க.”

பின்னால் வரிசையில் நின்ற அம்மா, “ஆயோ முருகா, இத்தனை நாளா இது தெரியாமப் போச்சே!” என்றாள்.

அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. “நாளைக்கு விரதம் முடியுதே…”

“கோயில்ல முடியுது. வீட்டுல முடியாது.”

அன்று மாலையே, இனி முகாமும் வேண்டாம் மன்றமும் வேண்டாமென்று, அப்பா தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். உடல்நிலை சரியில்லை என்று காரணம் சொன்னார்.