லிஸ்டில் ஏறாத தங்கச்சி

அம்மா, அப்பா, கோழிக்கடை பாஷா மாமா, எதிர்வீட்டு ரோஸி அக்கா, நான். மந்திரி வந்த அன்றைக்குக் குழாயடியில் நின்றது இத்தனை பேர்தான். மற்றவர்கள் படுத்துக் கிடந்தார்கள். என் தங்கச்சி செல்வியைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இன்று காலை சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் சிவாஜிநகர்ச் சந்துதான் நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. குடிதண்ணீரில் சாக்கடை கலந்து சந்து முழுக்க வாந்திபேதி. ஒரு மாதம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மந்திரி வருகிறார் என்றதும், அவர் நடக்கிற வழிக்கு மட்டும் இரண்டு பக்கமும் பவுடர் போட்டார்கள்.

"மந்திரி மூக்குக்கு வைத்தியம் நடக்குது" என்றாள் ரோஸி அக்கா.

மந்திரி அந்த வழியிலும் நடக்கவில்லை. காருக்குள்ளேயே இருந்தார். கூட வந்த அதிகாரி லிஸ்டைப் படித்தார். இந்தச் சந்தில் சாவு இரண்டு என்றார்.

அம்மா முன்னால் போனாள். "செல்வின்னு எழுதுங்க சார். ஆறு வயசு."

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

"போற வழியில, ஆட்டோவுலயே போயிடுச்சு சார்."

"அட்மிட் ஆகாம செத்தா லிஸ்ட்ல வராதும்மா."

"அட்மிட் பண்ண உசுரு இருக்கணுமே சாப்" என்றார் பாஷா மாமா. "செத்த மிச்சப் பேரெல்லாம் மைசூருக்கு டூரா போயிருக்காங்க?"

அதிகாரி பேனாவை மூடினார். கார் போய்விட்டது.

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. என் பள்ளிக்கூட நோட்டை எடுத்துவரச் சொல்லி, செத்தவர்கள் பெயரை எழுத வீடு வீடாகக் கூட்டிப்போனார். முதலில் செல்வி பெயரை எழுதினேன். சந்து முனைக்குப் போனபின் எண்ணச் சொன்னார். எண்ணினேன்.

பதினொரு பேர்.