கொழுந்துத் தராசில் பாலு

நான் தோட்டத்துக் கிளினிக்கில் உதவிக்குச் சேர்ந்த முதல் நாள், நர்ஸ் ராசம்மா அக்கா பிள்ளைகளை நிறுக்கும் அழகைப் பார்த்து, இந்தம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்தேன். பிள்ளையோடு தாயைத் தராசில் ஏற்றுவார். பிறகு, "குடு, செத்த நேரம் நான் தூக்கறேன்" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு, தாயை மட்டும் நிற்க வைப்பார். வாயைத் திறக்க மாட்டார். மனசுக்குள் கழித்துப் பார்த்து, அவர்கள் போன பிறகுதான் அட்டையில் எழுதுவார்.

பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொன்னால் கண்ணு பட்டுவிடும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு அப்போது அப்படி ஒரு பயம். சிரிக்காதீர்கள். இன்றைக்கு நர்ஸ் வேலை பார்க்கும் நீங்களும் உங்கள் பிள்ளை கன்னத்தில் மைப்பொட்டு வைத்துவிட்டுத்தானே டியூட்டிக்கு வருகிறீர்கள்?

அக்காவுக்கே அந்தப் பயம் இருந்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு பிறந்தவன் பாலு. "பையன் வளந்துட்டானே" என்று யாராவது சொன்னால்கூட அக்கா பேச்சை மாற்றிவிடுவார். கன்னத்தில் பொட்டு வைக்காமல் அவனை வாசலைத் தாண்ட விடமாட்டார்.

டிரெசர் ஐயாவின் தொண்டை

எழுபதுகளின் நடுவில் புது டிரெசர் வந்தார். டாக்டர் எப்போதாவதுதான் மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு டிரெசர்தான் டாக்டர். நல்ல மனுஷன். தொண்டைதான் கொஞ்சம் பெரிசு. ஒரு நாள் அவரே ஒரு பையனைத் தூக்கித் தராசில் வைத்து, "இருபத்திரண்டு ராத்தல்! பயில்வான்லா இவன்!" என்று கிளினிக் அதிரச் சொன்னார். அன்று சாயங்காலமே பயில்வானுக்குக் காய்ச்சல். போதாதா? அடுத்த வாரம் ஒரு தாயும் கிளினிக் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு பிள்ளையைப் பற்றித்தான் கவலை. கொழுந்து பறிக்கும் முனியம்மாவின் கைக்குழந்தை அது, பெண். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. வந்தபோதெல்லாம் எடை குறைந்துகொண்டே இருந்தது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தொழிலாளர் லயத்தில் இருந்த அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினோம். கதவைத் திறக்காமலே மாமியார் பிள்ளை தூங்குகிறது என்றார். மறுநாளும் அதே பதில்தான்.

திரும்பி நடக்கும்போது அக்கா சொன்னார்: "மத்ததுங்க வராட்டி போவுது. இது இன்னும் ஒரு வாரம் தாங்காது."

மத்தியான நிறுவை

மறுநாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். நானும் அங்கே இருந்தேன். கணக்கு எழுதும் கிராணி ஒவ்வொரு கூடையாகத் தராசுக் கொக்கியில் மாட்டி எடையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பாலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு தூறலில் வந்தார். நான் முதலில் பார்த்தது அவன் கன்னத்தைத்தான். பொட்டு இல்லை.

ஒரு காலிக் கூடையை எடுத்து, பாலுவை அதில் உட்கார வைத்து, கிராணியிடம் நீட்டினார்.

"வேணாம் நர்ஸம்மா. எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க" என்றார் கிராணி.

"அதுக்குத்தான் கொண்டாந்தேன். மாட்டுங்க. சத்தமா சொல்லுங்க."

கூடையின் எடை போக இருபத்துநாலு ராத்தல் என்று கிராணி முனகினார். அக்கா அதையே எல்லார் காதிலும் விழுகிற மாதிரி திருப்பிச் சொன்னார். பாலு கூடையில் ஒட்டியிருந்த ஒரு கொழுந்தை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான்.

அக்கா முனியம்மாவைப் பார்த்தார். "கண்ணு படணும்னா இவனுக்குப் படட்டும். ஒன் புள்ளைய எங்கிட்ட குடு, முனியம்மா."

முனியம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள். துண்டில் சுற்றிக் கொண்டுவந்த குழந்தைக்குக் கண் உள்ளே போயிருந்தது, அழவும் தெம்பில்லை. விஷயம் கேட்டு வந்த டிரெசர் ஐயா ஓடிப்போய் வேனைக் கொண்டுவந்தார். கிளினிக்கை விட்டு அக்கா நகர முடியாது என்பதால் நான் கூடப் போனேன். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகும் மலைப்பாதை வளைவுகளில் முனியம்மா தன் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, பாலுவுக்கு ஒன்றும் ஆகாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆகாது என்றேன். எனக்கும் பயம்தான்.

ஆஸ்பத்திரியில் உடனே டிரிப் போட்டார்கள். சாயங்காலம் குழந்தை வாய்விட்டு அழுதது. பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் வேன் ஏறினேன்.

அக்காவிடம் முதலில் சொல்லவேண்டும் என்று நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அடுப்படியில் பாலுவை உட்கார வைத்து, உப்பும் மிளகாயும் மூடிய கையால் அவனைச் சுற்றிக்கொண்டிருந்தார். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பாலு கன்னத்தில், காலையில் வைக்காததற்கும் சேர்த்து, பெரிசாக ஒரு பொட்டு.

குழந்தை பிழைத்துவிட்டது என்றேன். அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சுற்றி முடித்து, கையில் இருந்ததை அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எடை சொன்னது நர்ஸு. இது இவன் அம்மா. ரெண்டு பேருக்கும் வேல இருக்குலா."

பாலுவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அடுத்த வாரம் கிளினிக்கில் நிற்க இடமில்லை. எண்பதுகளில் ஓய்வு பெறும்வரை அக்கா பழையபடி தாயையும் பிள்ளையையும் சேர்த்துத்தான் நிறுத்தார். டிரெசர் ஐயாவும் மனசுக்குள் கழிக்கப் பழகிக்கொண்டார்.

அக்கா இப்போது இல்லை. பயம் இல்லாதவள் அன்று பாலுவைத் தராசில் மாட்டச் சொல்லியிருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன். அக்கா பயந்துகொண்டேதான் மாட்டச் சொன்னார். அதற்குப் பிறகு, பயந்துகொண்டு வரும் எந்தத் தாயையும் நான் அதட்டியதில்லை. பிள்ளையை வாங்கி முதலில் என் இடுப்பில் வைத்துக்கொள்வேன்.