சைடு பாக்ஸின் உண்மை விலை

இன்று நல்லூர் ஷோரூமில் என் புது பைக்குக்கு இன்சூரன்ஸ் எழுதப் போயிருந்தேன். கூடவே மனைவி சுமதியும்.

மேசையில் இருந்த பெண் கேட்டார். "அண்ணா, வண்டி வெல எங்ககிட்ட இருக்குதுங்க. தனியா மாட்டுன சைடு பாக்ஸ், ஃபாக் லைட்டெல்லாம் எவ்வளவுங்க? சரியான வெல எழுதுனாத்தானுங்க திருடு போனா பணம் வரும்."

அதெல்லாம் வண்டியோடு இலவசமாக வந்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் இருபத்திரண்டாயிரம்.

"ஃப்ரீங்க" என்றேன்.

"அப்ப சைபர்னு போட்றட்டுங்களா?"

"போடுங்க." திருடு போனால் போகட்டும், குடும்பம் நிலைக்கட்டும்.

சுமதியின் முகம் மலர்ந்தது. "ஏனுங்க, சும்மா வந்ததுதானுங்களே? எந்தம்பியும் இதே வண்டிதான் வெச்சிருக்கான். கழட்டி அவனுக்குக் குடுத்தர்லாங்க."

சொன்னதோடு நிற்காமல் அங்கேயே போன் போட்டாள். "கண்ணு, ஸ்பேனர் எடுத்துட்டு நல்லூர் ஷோரூமுக்கு வா."

மச்சான் அனுப்பர்பாளையத்திலிருந்து அப்போதே கிளம்பிவிட்டான்.

வேறு வழியில்லை. இன்சூரன்ஸில் ஏறிவிட்டால் கழட்டக் கூடாது என்று சொல்லித் தப்பிக்கலாம். மேசைப் பக்கம் குனிந்து, "இருபத்திரெண்டாயிரம்னு எழுதுங்க" என்று கிசுகிசுத்தேன்.

அந்தப் பெண்ணுக்கோ கணீர்க் குரல். "இருபத்திரெண்டாயிரமுங்களாண்ணா?"

ஷோரூமே திரும்பிப் பார்த்தது.

சுமதி படிவத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். "ஊட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நான் இன்னும் ஷோரூம் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது முறை.

இன்றைக்குத் தங்க இடம் தரக்கூடிய நண்பர்கள் கமெண்டில் சொல்லவும். பார்க்கிங் வசதி இருந்தால் ரொம்ப நல்லது.